கடலை அளக்கும் மரக்கால்

(வெள்ளி விழாவில் ஆற்றிய அறிவியல் உரை)

 

கடல்மீன் வளத்தைக் கணக்கிடும் துறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். மீனுக்கும் நமக்கும் உள்ள உறவு குழம்புச் சட்டியோடு முடிந்துவிடுகிறதே என்று முன்வரிசை மாணவர் சிலர் எண்ணக்கூடும். நெல்லை விளைவித்தவன் ஒருவன், களத்தில் மரக்காலைப் பிடித்தவன் வேறொருவன் என்ற நிலையை நம் பாட்டன்மார் நன்கறிவர். அளந்தவன் சொன்னதே விளைச்சல். அவன் சொன்னதே கூலி. கடலிலும் அத்தகைய மரக்கால் ஒன்று உண்டு. அது தவறாக அளந்தபோது நேர்ந்ததை ஒரு தீவின் வரலாற்றைக் கொண்டு கூற விழைகின்றேன்.

கனடா நாட்டின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து என்றொரு பெருந்தீவு உள்ளது. 1497ஆம் ஆண்டில் ஜான் காபட் என்ற மாலுமி அப்பக்கம் சென்று மீண்ட பிறகு, அங்குள்ள காட் என்னும் மீனின் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. உப்பிட்டு உலர்த்திய காட் கருவாடு கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று. அதில் மட்டமானதை மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கு உணவாக இட்டனர் என்பதையும் சொல்லாமல் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

காட் குளிர்நீர் மீன். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. அவ்வடகடலில் அது முட்டையிடும் பருவத்தை எய்த ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பெரிய பெண்மீன் ஒன்று ஒரே பருவத்தில் பல இலட்சம் முட்டைகளை இடும். அவற்றுள் பிழைத்து வளர்வன மிகச் சில. ஆகவே முதிர்ந்த பெண்மீன்களே அக்கடலின் மூலதனம். குளிர்காலத்தில் இவை கரைக்கு வெகு தொலைவில் திரண்டு கூடும். கோடையில் கேப்லின் என்னும் சிறுமீனைத் துரத்திக்கொண்டு கரையோரம் வரும். கரையோரச் சிற்றூர் மீனவர்கள் கோடையில் பொறிவலையும் தூண்டிலும் கொண்டு பிடித்தனர். பெரிய இழுவைமடிக் கப்பல்களோ, குளிர்காலத்தில் திரண்டிருந்த கூட்டங்களின் மேலேயே சென்று மடியை வீசின.

மீனின் வயதை எவ்வாறு அறிகிறார்கள்? அதன் தலைக்குள் செவிக்கல் என்னும் சிறு சுண்ணக்கல் உண்டு. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அதில் வளையங்கள் படிகின்றன. எண்ணினால் வயது தெரியும். நம்முடைய வெப்பக் கடல்களில் கோடைக்கும் குளிருக்கும் வேறுபாடு குறைவாதலின், இவ்வளையங்கள் பெரும்பாலும் தெளிவாக விழுவதில்லை. எனவே இந்நாட்டில் கரைக்கு வரும் மீன்களை ஆயிரக்கணக்கில் நீளம் அளந்து, அந்நீளங்களின் பரவலிலிருந்து வளர்ச்சியைக் கணிப்பதே பெருவழக்கு. 1947இல் தொடங்கப்பெற்று, இன்று கொச்சியில் தலைமையிடம் கொண்டுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பணியாளர்கள் அளவுப்பலகையும் குறிப்பேடுமாகக் கரையிறங்கு துறைகளில் நிற்பதைக் கடலோர ஊரார் கண்டிருப்பர்.

இனி, கணக்குக்கு வருவோம். கதவு மூடிய குதிர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு நெல் உண்டென்று பார்க்க இயலாது. வெளியே எடுத்த மரக்கால்களை மட்டும் எழுதி வருகிறோம். குதிர் காலியான பிறகு கூட்டிப் பார்த்தால் தொடக்கத்தில் எவ்வளவு இருந்ததென்று விளங்கும். ஓர் ஆண்டில் பிறந்த மீன்களின் தொகையையும், ஆண்டுதோறும் பிடிபட்டவற்றை வயதுவாரியாகக் கூட்டி, இயற்கையில் மடிந்தவற்றுக்கும் ஓரளவு சேர்த்து, இவ்வாறே பின்னோக்கிக் கணக்கிடுகின்றனர். பழைய ஆண்டுகளுக்கு இது திறம்பட அமையும். நமக்கு வேண்டியதோ இன்றைய இருப்பு. குதிரோ இன்னும் காலியாகவில்லை! அதற்கு வேறு சான்று தேட வேண்டும். ஆய்வுக் கப்பலை அனுப்பிப் பல இடங்களில் மடி இழுத்துப் பார்ப்பது ஒன்று. வணிகக் கப்பல் ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் அளவை நோக்குவது மற்றொன்று.

தவறு இந்த இரண்டாவதில்தான் புகுந்தது. எஞ்சிய மீன்கள் நெருங்கித் திரளும் இயல்புடையன. திரளைக் கண்டுபிடிக்கும் ஒலிக்கருவி கப்பல்களில் இருந்தது. ஆகவே கடலில் மீன் குறையக் குறைய, கப்பலின் மணிநேரப் பிடிப்பு மட்டும் குறையாமல் நின்றது. கடைசிச் சாக்கு இருக்கும் மூலையை அறிந்தவனுக்கு எடுக்கும் வேகம் குறையாதல்லவா?

அயல்நாட்டுப் பெருங்கப்பல்கள் மிகுந்தபோது, 1968இல் அவ்வடபகுதிப் பிடிப்பு ஏறத்தாழ 8 இலட்சம் டன்னை எட்டியது, பின்னர் விழுந்தது. 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல்மைல் வரை விரித்து, ஆண்டு அளவை நிருணயிக்கும் பொறுப்பை மேற்கொண்டது. வளம் பெருகுகிறது என்றே அரசின் கணக்குகள் கூறின. ஆனால் 1980களில் கரையோர மீனவர்கள், மீன் குறைகிறது, வருவதும் சிறுத்து வருகிறது என்று முறையிட்டனர். அது வாய்ப்பேச்சு, புள்ளிவிவரமன்று என்று ஒதுக்கப்பட்டது. அவர்கள் சோர்ந்து விடவில்லை. 1986இல் அவர்களுடைய சங்கமே பல்கலைக்கழக உயிரியலாளர்களை அணுகி, அரசின் கணக்கை மறுபரிசீலனை செய்வித்தது. வளம் மிகையாக மதிப்பிடப்பட்டது என்று அவ்வறிக்கை கூறிற்று. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுவே.

அரசின் அறிவியலாளர்களும் 1989 தொடக்கத்தில் தம் கணக்கைத் திருத்தி, 1,25,000 டன்னே பிடிக்கலாம் என்றனர். ஆலைகள் மூடப்படும், வேலைகள் போகும் என்ற அச்சத்தால் அமைச்சர் 2,35,000 டன் என்று வைத்தார். 1992 சூலை 2ஆம் நாள் மீன்பிடிப்பே தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தனர். அக்காலத்தில் கடல்நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்ததும் கேப்லின் குன்றியதும் காரணங்களே என்பாரும் உளர்; அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் முதிர்ந்த மீன்கள் போதிய அளவு எஞ்சியிருந்தால் அக்கூட்டம் அவ்விடரைத் தாங்கியிருக்கும் என்பதே என் கருத்து.

இரண்டே ஆண்டுகள் என்று அறிவித்த தடை, இடையில் சிற்றளவான அனுமதிகள் தவிர, 32 ஆண்டுகள் நீடித்தது. 2024 சூன் திங்களில் அது நீக்கப்பட்டு, அவ்வாண்டுக்கு 18,000 டன் அளவு குறிக்கப்பட்டது. கரையோர மீனவர் சங்கம் இதனை வரவேற்கவில்லை. பெருங்கப்பல்கள் மீண்டும் நுழைய வழி திறக்கப்படுகிறது என்பதே அவர்களின் எதிர்ப்பு. இம்முறை அவர்கள் ஆண்டுவாரியான கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டே வாதிடுகின்றனர்.