பாபநாசத்துத் தண்ணீரும் கீழவைப்பார் ஐஸும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'தொழில் முனைவோர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் முனையவில்லை, இனிமேல்தான். பன்னிரண்டு வருடம் மாதச் சம்பளம் வாங்கியவன், வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் கீழவைப்பாரில் தம்பியோடு சேர்ந்து ஐஸ் கம்பெனி போடப் போகிறேன். ஆகவே என்னைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நமக்கு முன்னால் இந்தச் சீமைக்கு வந்து தொழில் போட்ட வேறொரு அண்ணன் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி. ஸ்காட்லாந்துக்காரர்கள். எங்கள் வைப்பாறு கடலில் சேருமுன் கடந்து வருவது கரிசல் காடு. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பருத்திக்கு அன்று சீமையில் நல்ல பெயர். 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பஞ்சு கப்பலேறிப் போகும், நூலாகத் திரும்பி வரும். இங்கேயே நூற்றால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள்.

மில்லை எங்கே போட்டார்கள் தெரியுமா? துறைமுகத்தில் அல்ல, மலையடிவாரத்தில்! 1880-களில் பாபநாசம் பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில். தாமிரபரணி மேலிருந்து விழும் வேகத்திலேயே எந்திரத்தைச் சுற்ற வைத்தார்கள். கரி வாங்குகிற செலவு மிச்சம். பஞ்சை வண்டியில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோவதா, கரியைக் கொண்டுவருவதா என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் புரொபசர் 'சைட் செலக்ஷன்' என்று போர்டில் எழுதியபோது நான் தூங்கிக் கொண்டிருந்தேன். இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் விழித்திருப்பேன். பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் பெரிய மில். திருப்பரங்குன்றம் பக்கம் மில் தொழிலாளர் குடியிருப்பு இன்றும் ஹார்விபட்டிதான்.

இதுவரை கேட்டால் கை தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார லீவு கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஊரும் கூட நின்றது. மில்காரர் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்தார் என்ற கதையை இன்றும் சொல்வார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

ஆற்றின் வேகத்தை அத்தனை துல்லியமாக அளந்தவர்களுக்கு ஆள் களைத்துப் போவான் என்ற கணக்கு ஏன் வரவில்லை? இதைப் படித்த அன்று நான் ஹார்வியைத் திட்டினேன். மறு வாரம் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். எனக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்!

எங்கள் கரையில் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள், கோயிலுக்குப் போவார்கள். ஆனால் திங்கள் விடியுமுன் படகு இறங்கும்போது பெட்டியில் ஐஸ் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஞாயிறு பகலும் இரவும் கம்பிரசர் ஓடியாக வேண்டும். தொட்டியில் உப்புத் தண்ணி குளிர்ச்சியை விட்டுவிட்டால் மறுபடி இறக்குவதற்கே கரண்ட் பில் எகிறும். நாலு ஆள் போட்டால் வங்கிக் கடன் கட்டலாம். முறை வைத்து வார லீவு கொடுக்க ஐந்தாவது ஆள் வேண்டும். ஐந்தாவது ஆளைப் போட்டால் முதல் இரண்டு வருடம் எனக்கும் தம்பிக்கும் வீட்டுக்கு எடுத்துப் போகப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

அப்பாவிடம் சொன்னேன். வலை பின்னிக்கொண்டே கேட்டார்: "ஏல, கடலுக்கு லீவு உண்டு, ஐஸுக்கு ஏதுல லீவு? நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க."

"நாங்களும் மனுசங்கதான அப்பா" என்றேன். அவர் பேசவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து, "அவன் சொல்றது சரிதான், பூசைக்கு எல்லாரும் போவணும்லா" என்றாள்.

மனைவியிடம் இன்னும் கணக்கைக் காட்டவில்லை. அவள் முன்வரிசையில்தான் இருக்கிறாள், இப்போது தெரிந்திருக்கும்.

ஐந்து பேர் என்றே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஒரே ஒரு வேண்டுகோள். பழைய அமோனியா கம்பிரசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ரெஃப்ரிஜிரேஷனில் இருக்கிற நண்பர்கள் யாராவது வரும் சனிக்கிழமை என்னோடு வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மத்தியானம் எங்கள் வீட்டில் மீன் சாப்பாடு.