உளநெருக்கீடும் உடல்நலமும்

(வங்காலையில் கூடிய இளைஞர் கூட்டத்திலே நிகழ்த்திய உரை)



"ஆஸ்பத்திரிக்குப் போனேன்; இரத்தம் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள்; ஒன்றுமில்லையாம்" என்று சொல்லி, நெஞ்சைத் தடவிக்கொண்டு திரும்பி வரும் பெரியவர்களை இக்கரையிலே நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சிலருக்கு நெஞ்செரிவு, சிலருக்குத் தலைப்பாரம், சிலருக்குக் கைகால் உளைவு. வீட்டிலுள்ள இளையவர்கள் "எல்லாம் மனப்பிரமை" என்று ஒரு சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லை மறுப்பதற்காகவே இன்று இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டோம்.

ஆங்கிலத்தில் 'ஸ்ரெஸ்' என வழங்குவதை ஈழத்து உளமருத்துவர்கள் 'நெருக்கீடு' என்று தமிழில் வழங்கியுள்ளனர், நல்ல சொல். உள்ளம் படும் துன்பம் மெய்யிலே தோன்றும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியத்திலே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. அச்சமும் அழுகையும் அங்கே மெய்ப்பாடுகளாக எண்ணப்படுகின்றன. அது எப்படி நிகழ்கிறது என்பதைத்தான் இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் காட்டினர்.

அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகத்து வால்டர் கனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, அச்சமும் சினமும் எழும்போது உடலில் நிகழ்வனவற்றை விளக்கினார். அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்கின்றது, இதயம் விரைந்து அடிக்கின்றது, கைகால்களுக்குக் குருதி பாய்கின்றது, சமிபாடு தடைப்படுகின்றது. நடுக்கடலிலே காற்று மாறும்போது வள்ளத்திலிருப்பவருக்கு இதுவே உயிர்த்துணை. கரை சேர்ந்தவுடன் உடல் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிடின் என்ன ஆகும்?

இதற்கு விடை தேடியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மொன்றியல் நகரிலே எலிகளை வைத்து ஆராய்ந்த அவர், 1936 யூலையில் 'நேச்சர்' சஞ்சிகைக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். குளிரோ, காயமோ, அளவு கடந்த உழைப்போ, நச்சு மருந்தோ எதுவாயினும் எலியின் உடலில் ஒரே வகையான மாற்றங்களே தோன்றின என்றார். அட்ரீனல் சுரப்பிகள் பருத்தன. நோயெதிர்ப்புக்கு வேண்டிய தைமசுச் சுரப்பி சுருங்கியது. இரைப்பையிலும் குடலிலும் புண் கண்டது. முதலில் எச்சரிக்கை, பின்னர் எதிர்ப்பு, துன்பம் நீடித்தால் இளைப்பு என மூன்று நிலைகளை அவர் வகுத்தார்.

செல்யே சொன்னதையெல்லாம் அப்படியே கொள்ளவேண்டும் என்பதில்லை. குடற்புண்ணுக்கு மனக்கவலையே காரணம் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அவுஸ்திரேலியரான பரி மார்ஷலும் றொபின் வாறனும் பெரும்பாலான குடற்புண்களுக்கு ஒரு பற்றீரியாவே காரணம் என நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இன்னொன்றும் சொல்லவேண்டும். செல்யே புகையிலைக் கம்பனிகளிடம் பணம் பெற்றவர். இதயநோய்க்குச் சிகரெட்டைவிட மனநெருக்கீட்டையே குற்றஞ்சாட்டுவது அக்கம்பனிகளுக்கு வசதியாயிருந்தது. "ரென்ஷனுக்கு ஒரு பீடி" என்று கடற்கரையில் உட்காரும் நம் தோழர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நிற்க. நெருக்கீடு நீடிக்கும்போது கோட்டிசோல் முதலிய சுரப்புகளின் ஒழுங்கு குலைகிறது, நோயெதிர்ப்பு தளர்கிறது. இதைத் தெளிவாகக் காட்டியது 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. ஞாபகமறதி நோயுற்ற உறவினரை நெடுநாள் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பாரமில்லாத 13 பெண்களுக்கும் கையிலே ஒரே அளவான சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். பாரமில்லாதவருக்குச் சராசரி 39 நாட்கள்; பராமரித்தவருக்கோ 48 நாட்களுக்கு மேல். காயமும் ஒன்று, தோலும் ஒன்று. ஒன்பது நாள் வேறுபாட்டுக்கு அவர்கள் சுமந்த பாரத்தையன்றி வேறெதைச் சொல்வது?

நெருக்கீடு என்றதும் பெரிய பதவியிலிருப்பவருக்கே அது மிகுதி என்று நினைப்பதுண்டு. இலண்டனில் 1967இல் தொடங்கி அரசாங்க உத்தியோகத்தரிடையே நடந்த வைற்ஹோல் ஆய்வு இதைப் பொய்யாக்கியது. இதயநோயால் இறந்தோர் வீதம், மேலதிகாரிகளைவிடக் கடைநிலைச் சேவகரிடையே ஏறத்தாழ மூன்று மடங்காயிருந்தது. புகைத்தலும் கொழுப்பும் அதில் ஒரு பகுதியையே விளக்கின. தன் வேலையின்மீது தனக்கு எவ்வளவு ஆட்சி உண்டு என்பதும் ஒரு காரணம் என, 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு காட்டியது. சம்மாட்டிக்கும் கவலை உண்டு. ஆயினும் அவரது வள்ளத்திலே கூலிக்குத் தொழிலுக்குப் போகிறவர், வலை இழுவைப் படகில் அகப்பட்டால் என்ன செய்வார்? வலையும் அவருடையதன்று, கடலும் அவர் சொற்கேளாது, கடன் மட்டும் அவருடையது.

இனி, நம் ஊருக்கு மிக அண்மையான ஆய்வுக்கு வருவோம். 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்த் தீவு ஊர்களிலிருந்து நம் அயலவர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் செஸ்மல் சிறிவர்தன என்னும் ஆய்வாளரும் பிறரும் புத்தளத்தில் வாழ்ந்த இடம்பெயர்ந்தோர் 450 பேரை ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு உளநலப் பாதிப்பு இருந்தது. கொடிய நிகழ்வின் நினைவே மீண்டும் மீண்டும் வந்து வருத்தும் நோய் நூற்றுக்கு 2.4 பேருக்கே காணப்பட்டது. ஆனால் உடல் நோவாக வெளிப்படும் உளநோய் நூற்றுக்கு 14 பேருக்கு இருந்தது. அச்சம் ஒடுங்கிய பின்னும் உடல் அதைச் சொல்லிக்கொண்டேயிருந்தது என்றுதான் நாம் இதைப் படிக்கிறோம். தொழிலின்மை, துணையை இழந்திருத்தல், உணவுக்கு உறுதியின்மை ஆகியவை உள்ளவர்களிடமே பாதிப்பு மிகுந்திருந்தது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் நடத்திய கணிப்பும் இதையே ஒத்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் மொத்தத்தில் நூற்றுக்கு 22 பேரிடமும், அப்போதும் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேரிடமும் காணப்பட்டன. போர் ஓய்ந்தும் வீடு திரும்பாதவருக்கு அது ஓயவில்லை. மடுவிலும் மண்டபத்திலும் முகாம்களில் இருந்து மீண்ட பெரியவர்கள் இவ்வவையில் இருக்கிறீர்கள். இந்த எண்கள் உங்களுக்கு எண்களாகத் தோன்றமாட்டா.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போரினால் வந்த உளவடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்திலே நூல் எழுதியவர். அவர் மருந்தோடு நில்லாமல், சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, செபம் ஆகியவற்றையும் சிகிச்சையிற் சேர்த்தார்; சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்று என அவரவர் வழியிலேயே கொடுத்தார். மிசன் பாடசாலையில் படித்த நமக்கு இது வியப்பன்று. விடுதியிலே மாலைச் செபத்தின் ஓசை அடங்கும்போது மூச்சும் சீராவதைக் கேட்டவர்கள் நாம். 1975இல் ஹார்வாட் வைத்தியர் ஹேர்பேட் பென்சன், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப அமைதியாக உச்சரிக்கும்போது நாடியும் மூச்சும் தணிகின்றன என எழுதினார். ஆயினும் செபம் கடனை அடைக்காது. புத்தளத்து ஆய்வு உணவையும் தொழிலையும் காட்டுவதை மறைத்துவிட்டுத் தியானத்தை மாத்திரம் போதிப்பது முறையன்று.

ஒரு காலத்தில் உளமருத்துவமனை என்றால் அங்கொடையும் முல்லேரியாவுமே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005இல் வகுத்த தேசியக் கொள்கை இச்சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர முனைந்தது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலே தமிழிலும் பேசலாம்.

நெஞ்சு நோகிறது என்றால் முதலில் நெஞ்சைத்தான் சோதிக்கவேண்டும், அதில் ஐயமில்லை. அடுத்த முறை தாயாருடன் ஆஸ்பத்திரிக்குப் போகும் மகனோ மகளோ, நோவு எங்கே என்பதோடு, நித்திரை எப்போதிருந்து இல்லை, நுண்கடன் எவ்வளவு, காணாமற்போன பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது நோவு கூடுகிறதா என்பதையும் தாயாரின் சம்மதத்தோடு டொக்டரிடம் சொல்லட்டும். படத்திலும் இரத்தத்திலும் அவர் காணாத செய்தி அதுவே.