சக்கரத்துக்குப் பூட்டு போடலாமா?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தவறாக நிறுத்தப்படும் வண்டிகளுக்குப் போட மேலும் நான்கு சக்கரப் பூட்டுகள் வாங்குவது, திறந்துவிட 500 ரூபாய் வசூலிப்பது என்ற தீர்மானம் இன்று நம் முன் இருக்கிறது. அதை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன வருடம் முதல் இரண்டு பூட்டுகளை வாங்கலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் இடத்தில் யாரோ காரை விட்டுவிட்டுப் போய்விட, ராத்திரி பதினொரு மணி வரை தெருவில் காத்து நின்றவன் நான். அந்தக் கோபம் எனக்கும் தெரியும்.

என் மனதை மாற்றியது ஆடி மாதத்தில் ஓர் இரவு. பி பிளாக் பெரியவர் ஒருவருக்கு ஒரு மணிக்கு மூச்சுத்திணறல். அவருடைய மகன் அன்று மாலைதான் திருச்சியிலிருந்து வந்திருந்தார். விசிட்டர் பார்க்கிங் நிரம்பியிருந்ததால் காலியாக இருந்த வேறொருவர் இடத்தில் காரை விட்டிருந்தார். அப்பாவைத் தாங்கிக்கொண்டு கீழே வந்தால் முன்சக்கரத்தில் பூட்டு. சாவி பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம். அவர் வீட்டுக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. எதிர் வீட்டுக்காரர் தன் காரை எடுத்ததால் பெரியவர் பிழைத்தார். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் அன்று ஊரிலேயே இல்லை. அப்படியானால் அந்தப் பூட்டு யாருக்கு உதவியது?

யோசித்துப் பாருங்கள். நமக்கு வேண்டியது தவறாக நிற்கும் வண்டி நகர்வது. பூட்டு செய்வது அதை நகரவிடாமல் வைப்பது. பத்து நிமிடத்தில் போயிருக்கக்கூடிய வண்டி, பூட்டினால் இரண்டு மணி நேரம் அதே இடத்தில் நிற்கிறது.

சட்டத்தையும் பார்ப்போம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு சக்கரப் பூட்டைப் பற்றிப் பேசுகிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டி, நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டி, இவற்றை இழுத்துச் செல்லவோ பூட்டவோ உத்தரவிடக்கூடியவர் அந்தப் பகுதிக்குரிய, சீருடையில் உள்ள காவல்துறை அதிகாரி. குடியிருப்போர் சங்கத்துக்கு அந்தப் பிரிவு எந்த அதிகாரமும் தரவில்லை. நாளைக்கு யாராவது போலீஸில் புகார் கொடுத்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர், நாம் சொன்னதைக் கேட்டுப் பூட்டைப் போட்ட செக்யூரிட்டி. அவரை அந்த நிலையில் நிறுத்த நமக்கு மனம் வருமா?

இங்கிலாந்தில் இதே பாதையில் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். தனியார் நிலத்தில் பூட்டுப் போடுவது அங்கே ஒரு தொழிலாகவே நடந்தது. 2001-ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், பூட்டுப் போடும் ஆட்கள் உரிமம் பெற வேண்டும் என்று ஆக்கினார்கள். அப்படியும் அடாவடி நிற்கவில்லை. கடைசியில் 2012-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் தனியார் நிலத்தில் வண்டியைப் பூட்டுவதையும் இழுத்துச் செல்வதையும் குற்றமாக்கினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது 2012 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1992-லேயே உயர் நீதிமன்றம், வண்டியைப் பூட்டி வைத்துப் பணம் கேட்பது மிரட்டிப் பணம் பறிப்பதாகும், திருட்டும் ஆகும் என்று சொல்லிவிட்டது.

“அப்படியானால் கண்டவர்களும் வந்து நிறுத்திவிட்டுப் போவார்களே” என்று நீங்கள் கேட்பது நியாயம். அங்கேயும் அதைக் கேட்டார்கள். அதனால் அதே 2012 சட்டத்தில், ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் வண்டியின் பதிவுக்குரியவரிடம் கட்டணத்தைக் கேட்க வழி செய்தார்கள். செம்ஸ்ஃபோர்டு ஊரில் ஒரு கடை வளாகத்தில் இலவசமாக நிறுத்த 2 மணி நேரம்தான். ஒருவர் அதற்கு மேல் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நிறுத்தியதற்கு 85 பவுண்ட் கேட்டார்கள். 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பலகைகள் பெரிதாக, தெளிவாக இருந்தன. இடம் அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டும் என்ற காரணம் நியாயமானது. தொகையும் அளவு மீறியது அல்ல என்றது. அதற்காக எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் மீதும் புகார் வந்து, அவற்றுக்கு ஒரே நடத்தை விதி வேண்டும் என்று 2019-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பூட்டானாலும் அபராதமானாலும் கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

அதனால் தீர்மானத்துக்குப் பதிலாக நான் முன்வைப்பவை இவை:

1. கேட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய பலகை. விசிட்டர் இடம் எது, எவ்வளவு நேரம், மீறினால் என்ன என்று அதில் இருக்கட்டும்.

2. உள்ளே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் வீட்டு எண்ணும் ஓட்டுபவரின் போன் எண்ணும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

3. தவறாக நின்றால் முதலில் போன். 15 நிமிட அவகாசம். அதன் பிறகே வைப்பரில் ஒரு சீட்டு, கூடவே நேரம் தெரியும் புகைப்படம்.

4. நம் பைலா உறுப்பினர்களைத்தான் கட்டுப்படுத்தும், விருந்தினரை அல்ல. ஆகவே கட்டணம் அழைத்த வீட்டின் மெயின்டனன்ஸ் பில்லில் சேரட்டும். அதற்கு பைலாவை முறைப்படி திருத்த வேண்டும்.

5. ஆட்சேபம் இருந்தால் விசாரிக்க மூன்று பேர் குழு. சீட்டு வைக்கச் சொன்னவர் அதில் இருக்கக் கூடாது.

6. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரும் பாதையில் மஞ்சள் கோடு. அங்கே யாருக்கும், எப்போதும், சலுகை கிடையாது. தெருவில் நம் கேட்டை மறித்து நிற்கும் வண்டிக்கு 112.

இது பூட்டைவிட வேலை அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவேடு எழுத வேண்டும், போன் செய்ய வேண்டும், நாமும் விருந்தாளிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஆனால் இதில் யாரும் நடு ராத்திரியில் சாவியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கையில் இருக்கும் இரண்டு பூட்டுகளையும் என்ன செய்வது என்று கேட்கலாம். ஒன்றை ஜெனரேட்டர் அறையில் போட்டு வைக்கலாம், போன வருடம் நான் தூக்கிய கையின் நினைவாக. மற்றதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். வாக்கெடுப்பில் உங்கள் ஆதரவைக் கேட்டு அமர்கிறேன்.