நெஞ்சு படபடக்கும்போது



எமது வகுப்பினர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். பொம்மரின் இரைச்சல் கேட்டதும் கொப்பியைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள். இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறோம். ஆயினும் நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, கை குளிர்கிறது. ஆபத்து நீங்கியதை உடம்பு இன்னும் நம்பவில்லை. யாராவது கேட்டால், "ஒண்டுமில்லை, களைப்புத்தான்" என்கிறோம். வைத்தியர்களான நாமும் அப்படித்தான் சொல்லி வந்தோம்.

பயோபீட்பேக் எனப்படும் உயிரியல் பின்னூட்டல், உடம்புக்குள் நடப்பதைக் கண்ணுக்குக் காட்டும் முறை. விரலில் ஒரு சிறு உணரியை மாட்டினால் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் திரையில் அலையாகத் தெரியும். மூச்சை உள்ளெடுக்கும்போது துடிப்புச் சற்று விரையும், வெளிவிடும்போது தணியும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவை ஆறுதலாக மூச்சு விட்டால், பெரும்பாலானோரில் அந்த அலை பெரிதாகிச் சீராகும். இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. கண்ணால் கண்டு பழகியபின் கருவி தேவையில்லை. சைக்கிள் ஓடப் பழகியவளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாரில்லை அல்லவா?

இதற்குத் துணையானது விழிப்புநிலைப் பயிற்சி. பௌத்த தியான மரபிலிருந்து எடுத்து, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபட்-சின் இதை நோயாளருக்கான 8 வாரப் பயிற்சியாக அமைத்தார். மனதை வெறுமையாக்குவது இதன் நோக்கமல்ல. மனம் அலைவதைக் கண்டு, அதை ஏசாமல், மீண்டும் மூச்சுக்கு அழைத்து வருவதே பயிற்சி.

நாற்காலியில் நிமிர்ந்து இருப்போம். 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. நாளுக்கு 10 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்தி வழமைபோல் மூச்சு விடுவோம். கண்ணை மூடும்போது பழைய காட்சிகள் வந்தால் கண்ணைத் திறந்து, பாதம் நிலத்தில் பதிந்திருப்பதை உணர்வோம். போரைக் கண்ட எமக்கு இது முக்கியம். காட்சிகள் விடாது துரத்தினால் தனியே போராடாமல் உளநல வைத்தியரிடம் போவோம். பிரஷர் குளிசையை நாமாக நிறுத்த வேண்டாம். நெஞ்சு நோவைப் பதற்றம் என்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் இதே மண்டபத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம், நினைவிருக்கிறதா? அப்போது எப்போது மணி அடிக்கும் என்று காத்திருந்தோம். இன்று அந்த நிமிடத்தை நாமே தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்று பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சுகம் கேளுங்கள். "ஒண்டுமில்லை" என்று அவள் சொன்னால், இன்னொரு தடவை கேளுங்கள்.