பிள்ளைகளை ஓர் இரவு வெளியே அனுப்புங்கள்!

(பெரம்பலூரில் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே அழைத்துப்போய், ஓர் இரவு தங்கவைத்து, தாங்களே சமைத்துண்ணச் செய்து, மறுநாள் வீடு கொண்டுவந்து சேர்க்கிற முகாம் என்னும் காரியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த விளையாட்டுக் காரியத்துக்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் சொல்லியும் மண்டையில் ஏறாத சில விஷயங்கள் ஒரே இரவில் ஏறிவிடக்கூடும் என்பது என் அபிப்பிராயம். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஜப்பான் தேசத்தில் ஆரம்பப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளை மலைப்பக்கத்துக்கோ காட்டுப்பக்கத்துக்கோ அழைத்துச் சென்று தங்கவைப்பது பல பள்ளிகளில் வழக்கமாயிருக்கிறது. இதற்கு ‘ரின்கான் கக்கோ’, அதாவது காட்டுப் பள்ளி என்று பெயர். பிள்ளைகளே அடுப்பு மூட்டிச் சோறும் குழம்பும் ஆக்குகிறார்கள், பரிமாறுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். இரவில் தீ வளர்த்துச் சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். அதற்குமேல் ‘கிமோதமேஷி’ என்று ஒரு விளையாட்டும் உண்டு. இருட்டுப் பாதையில் இரண்டிரண்டு பிள்ளைகளாய் நடந்து போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சொல்லுக்கு ஈரலைச் சோதித்தல் என்று அர்த்தம். பயத்தில் ‘ஈரல்குலை நடுங்கிற்று’ என்று நாமும்தானே சொல்லுகிறோம்!

ஜப்பானியர் எல்லோரும் பகுத்தறிவுவாதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் பேய்க் கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இருட்டுக்குள் போய்ப் பார்த்து, அங்கே மரமும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லையென்று கண்டு திரும்பிய பிள்ளைக்கு ஒரு சொந்த அனுபவம் கிடைத்துவிடுகிறது. நாமோ, சோறு தின்னாத குழந்தையைப் புளியமரத்துப் பேயைக் காட்டி மிரட்டுகிறோம். அந்தப் பயத்தை வளரவிட்டுப் பிறகு மந்திரிப்பவனுக்குப் பணமும் கொடுக்கிறோம்.

இது பேயைப்பற்றிய சங்கதி. இதைவிடப் பெரியது சாப்பாட்டுச் சங்கதி.

1907ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பேடன் பவல் என்பவர் பிரவுன்சி தீவில் சுமார் இருபது சிறுவர்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்துக்கு அதுவே வித்து. பணக்காரப் பள்ளிப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் ஒரே அணியில் கலந்து, ஒரே கூடாரத்தில் படுக்கவைத்தார்.

நம் நாட்டில் என்ன நடந்தது? திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் பெற்று நடந்த குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியிடத்தில் சாப்பாடு போடப்பட்டது. 1924, 1925ஆம் வருஷங்களில் பெரியாரும், டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் இதை எதிர்த்துப் போராட வேண்டியதாயிற்று. அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம் என்ன தெரியுமா? பெற்றோர் அப்படி விரும்பினார்களாம்! யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கேட்கவில்லை; பெற்றோர்தான் கேட்டார்கள். பசித்த பிள்ளை பக்கத்து இலைக்காரன் என்ன ஜாதியென்று விசாரிப்பதில்லை. அதை விசாரிக்கும்படி வீட்டில்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

இன்றைக்கும் முகாமுக்குக் கையெழுத்துக் கேட்டால், “சமைப்பது யார்? பக்கத்தில் படுப்பது யார்?” என்று கேட்கிற தகப்பன்மார் இல்லையென்று உங்களில் எவரேனும் சொல்ல முடியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இடத்துக்கு நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்திலே சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. காரை, குளக்காநத்தம் ஓடைகளில் கடல் பிராணிகளின் உருவங்கள் கல்லில் பதிந்திருக்கின்றன. இந்தப் பூமி கிரீட்டேசியஸ் காலத்தில், அதாவது 14½ கோடி வருஷங்களுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் முடிந்த காலத்தில், பல தடவை கடலுக்கடியில் இருந்தது. அங்கே சுருண்ட நத்தைபோல் காணப்படும் அம்மோனைட் என்ற பிராணியின் இனத்தைச் சேர்ந்த கல்தான், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும்போது சாளக்கிராமம் ஆகிப் பூஜையில் உட்கார்ந்துவிடுகிறது! இதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வரவும் பழகட்டும். அது எல்லோருடைய சொத்து.

அரியலூர்ப் பக்கத்தில் காரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பனிக்காலத்தில் அங்கே வருகிற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது. நாமோ பிள்ளையைப் பக்கத்துக் காரைக்கு அனுப்பவே அஞ்சுகிறோம்.

அஞ்சவேண்டியதற்கு அஞ்சத்தான் வேண்டும். கோடை வெயிலில் அந்த ஓடைகளுக்குப் போகலாகாது. மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. பாம்புக்கு விளக்கு வேண்டும். குடிக்க நல்ல தண்ணீரும், அவசரத்துக்கு ஒரு வண்டியும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் துணையாகப் பெண் ஆசிரியர்கள் வேண்டும். இவற்றையெல்லாம் அதிகாரத்தோடு கேளுங்கள். ஆனால், “பெண் பிள்ளையை இரவில் எப்படி அனுப்புவது?” என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் நிறுத்தப்படும் அந்தப் பெண்ணுக்குத்தான் இருட்டைப்பற்றிய பயம் ஆயுள் முழுவதும் விலங்காகிறது.

ஆகவே தோழர்களே! முகாம் நடத்துகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துச் சமைக்கிறார்களா? எல்லோரும் ஒரே பந்தியில் உண்கிறார்களா? ஆணும் பெண்ணும் சமமாய்ப் பாத்திரம் கழுவுகிறார்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் தயக்கமில்லாமல் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று வந்தாலும், அதைத் திருத்தும்வரை விடாதீர்கள்.