பந்தடித்த கால்களும் ஆட்சிப் பீடமும்

(திருகோணமலையில் விளையாட்டுக் கழகமொன்றின் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை நமது துறைமுகத்தை விட்டு நீங்கியது. கப்பல்கள் போயின, ஆனால், கப்பற்காரர் ஆடிய உதைபந்தாட்டம் நம்மிடமே தங்கிவிட்டது. ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் போதிக்க வேண்டுவதில்லை. ஆடியவர் ஆள வந்தால் என்ன நிகழும் என்பதைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

இது வீண் கேள்வியன்று. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற கிரிக்கெட் அணியின் தலைவர் அர்ஜுன ரணதுங்க 2015இல் துறைமுக அமைச்சரானார். 2017இல் பெற்றோலிய வள அமைச்சரானார். நமது துறைமுகமும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் எந்த இலாகாக்களைச் சார்ந்தனவோ, அவ்விரண்டும் அடுத்தடுத்து ஒரு விளையாட்டு வீரரின் கைக்கு வந்தன. நாளை உங்களிடமும் புகழ்பெற்ற வீரரொருவர் வாக்குக் கேட்டு வரலாம். அன்று அவரை எவ்வாறு எடைபோடுவீர்கள்?

இதற்கு விடை தேட, நம்மைப் போலவே துறைமுகத்தையும் போரையும் கண்ட ஒரு நாட்டின் கதையைச் சொல்கின்றேன். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள லைபீரியாவே அந்நாடு. அதன் தலைநகர் மொன்றோவியாவின் சேரியொன்றில் 1966இல் பிறந்தவர் ஜோர்ஜ் வியா. பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். தொலைபேசி நிறுவனமொன்றிற் சிற்றூழியராக வேலை செய்தார். 1988இல் மொனாக்கோ அணி அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துக்கொண்டது. பின்னர் பாரிசிலும் மிலானிலும் ஆடினார். 1995இல் உலகின் சிறந்த உதைபந்தாட்ட வீரர் என்னும் பட்டம் அவரைச் சேர்ந்தது. அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆபிரிக்கர் அவரே.

அக்காலத்தில் அவரது தாயகம் எரிந்துகொண்டிருந்தது. 1989 முதல் 2003 வரை, இடையிற் சிறிது ஓய்ந்து, இருமுறை மூண்ட உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் மக்கள் மாண்டனர் என்பர். அந்நாட்டுத் தேசிய அணிக்கு உடை வாங்கவும் வழி இருக்கவில்லை. வியா தமது பணத்தில் உடை வாங்கினார், பயணச் செலவைக் கொடுத்தார், தாமே ஆடினார், தாமே பயிற்றுவித்தார். 2002ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பை அவ்வணி ஒரேயொரு புள்ளியால் இழந்தது. நாடு பல கூறாகப் பிளவுண்டு கிடந்தபோது, எல்லோரும் ஒன்றாகக் கைதட்டியது அந்த அணிக்குத்தான்.

அந்தக் கைதட்டலை நம்பியே அவர் 2005இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். முதற் சுற்றில் முந்தினார். இரண்டாஞ் சுற்றில் எலன் ஜோன்சன் சர்லீஃப் அம்மையாரிடம் தோற்றார். படிப்பற்றவர் என்று எதிரணியினர் ஏளனம் செய்தனர். அவர் மனமுடைந்து ஒதுங்கினாரா? இல்லை. நாற்பது வயதைக் கடந்தபின் மாணவராகிப் பட்டம் பெற்றார். 2011இல் உபஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டு மீண்டும் தோற்றார். 2014இல் செனற் சபைக்குத் தெரிவானார். 2018 சனவரி 22இல் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். திடலில் இருந்து அவ்வாசனத்தை அடையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஆட்சி எவ்வாறிருந்தது? தமது சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தார். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை என்றார். இவை நன்றே. ஆயினும், 2019இல் விலைவாசியும் ஊழலும் கண்டு பல்லாயிரவர் மொன்றோவியாத் தெருக்களில் இறங்கினர். 2022இல் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டிலேயே ஊழற் குற்றச்சாட்டின்பேரில் அவருடைய உயர் அதிகாரிகள் மூவர்மீது அமெரிக்கா தடை விதித்தது. பந்தை வலைக்குள் செலுத்தும் திறமை அரிசியை உலைக்குள் சேர்க்கும் திறமை ஆகாது! இதைத் தம்பலகாமத்துக் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2023 நவம்பரில் மீண்டும் தேர்தல் வந்தது. ஜோசப் போகாய் நூற்றுக்கு 50.64 வீதமும், வியா 49.36 வீதமும் வாக்குப் பெற்றனர். வித்தியாசம் ஏறக்குறைய 20,000 வாக்குகள். படை அவர் கையில். அதிகாரம் அவர் கையில். போரிலே பழகிய நாடு. "மோசடி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மறுபடியும் தெருவில் இரத்தம் ஓடியிருக்கக்கூடும். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. இறுதி முடிவு வெளியாகுமுன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவரை வாழ்த்தினார்.

அன்பர்களே, அவருடைய ஆட்சியை நான் புகழ வரவில்லை. அதை அந்நாட்டு மக்களே தீர்த்துவிட்டனர். ஆனால், மத்தியஸ்தர் ஊதியதும் திடலை விட்டு வெளியேறும் பண்பு அவரிடம் இருந்தது. வெற்றி பெற்ற அரசியல்வாதிகள் பலரிடம் நாம் காணாத பண்பு அது. விளையாட்டு, அரசியலுக்குக் கொடுக்கத்தக்க மிகப் பெரிய சீதனமும் அதுவே.

ஆகவே வீரர் வருகின்றார் என்று வெறுக்கவும் வேண்டாம். வீரர் வருகின்றார் என்று மயங்கவும் வேண்டாம். வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். புகழ் கிட்டிய காலத்தில் ஊருக்கு என்ன செய்தீர்? தோற்ற காலத்தில் என்ன கற்றீர்? உம்முடன் கூட்டி வருபவர் யாவர்? மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். வியாவைப் பெரிதும் வீழ்த்தியது எதிரணியன்று, கூட வந்தவர்களே என்பது என் எண்ணம்.

தமிழரும் முஸ்லிங்களும் சிங்களவரும் வாழும் மாவட்டம் இது. திடலில் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆட அறிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கின்றார்கள். அவர்களுள் ஒருவர் நாளை பிரதேச சபைக்கோ பாராளுமன்றத்துக்கோ செல்வாராயின் மகிழ்வேன். செல்லுமுன் அவர் கற்கட்டும். சென்றபின் கணக்குக் காட்டட்டும். மக்கள் போதுமென்றால் மனமுவந்து இறங்கட்டும். பார்வையாளர்களாக இருந்து கைதட்டும் நாம், தேர்தல் நாளன்று மத்தியஸ்தர்கள் என்பதை மறவாதிருப்போமாக.