வருமுன் காப்பது: வாளையாரிலிருந்து குமுளி வரை

(கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை டாக்டர் என்று அறிமுகப்படுத்தினார்கள். வியாதி வந்தபின் மருந்து எழுதித் தருகிற டாக்டர் அல்ல நான். முப்பது வருஷம் மருத்துவ மாணவர்களுக்குச் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்தவன். முன்பு இதற்கு 'ப்ரிவென்டிவ் அண்ட் ஸோஷியல் மெடிஸின்' என்று பெயர். இப்போது 'கம்யூனிட்டி மெடிஸின்' என்கிறார்கள். மாணவர்கள் விரும்பிப் படிக்கிற பாடம் அல்ல இது. பார்க் எழுதிய புத்தகத்தின் கனத்தைப் பார்த்தே பாதிப் பேர் அரண்டு போவார்கள். இதில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. நன்றி சொல்ல வருகிற நோயாளியும் இல்லை. வராத வியாதிக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்?

இந்தப் பாடத்தின் அடிப்படைகளைப் புத்தகத்தைவிட நம் பாலக்காடு, இடுக்கி ஜில்லாக்களின் எல்லையோரத்தில் நன்றாகப் படிக்கலாம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

முதலில் சிக்குன்குனியா. முப்பது வருஷத்துக்கு மேல் நம் தேசத்தில் அடங்கிக் கிடந்த இந்தக் காய்ச்சல், 2005, 2006இல் திரும்பி வந்தது. கேரளத்தில் 2006இல் ஆலப்புழையில் பரவியது. 2007இல் கோட்டயம், பத்தனம்திட்டை, இடுக்கி என்று மலையடிவாரம் ஏறிவிட்டது. கடலோரத்து நோய் ரப்பர்த் தோட்டத்துக்கு எப்படிப் போயிற்று? எங்கள் பாடத்தில் நோய்க் கிருமி, மனிதன், சுற்றுப்புறம் என்று ஒரு முக்கோணம் போடுவோம். அந்த வருஷம் மூன்று மூலையும் கூடி வந்தன. வைரஸில் ஒரு சிறு மாற்றம் ஏற்பட்டு, அது ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற தோட்டத்துக் கொசுவின் உடலில் எளிதாகப் பெருகத் தொடங்கியது. ரப்பர் மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளிலும் கோப்பைகளிலும் மழைத் தண்ணீர் நின்றது. அந்த நோயை முன்பு பார்த்திராத ஜனங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. வைரஸை நம்மால் மாற்ற முடியாது. ஜனங்களின் ரத்தத்தையும் மாற்ற முடியாது. ஆனால் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம். முக்கோணத்தில் ஒரு மூலையைப் பிடுங்கினால் போதும். முட்டையிலிருந்து கொசு வெளிவர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை கொட்டினால் கொசு அதற்குள் பெருகிவிடும். உங்கள் ஃபிளாட்டில் குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலிருக்கும் தட்டுக்கும், மணி பிளான்ட் ஜாடிக்கும் இதே கணக்குதான்.

சித்தூர் தாலுக்காவின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: அது கேரளம் மாதிரியே இருக்காது. மழை குறைவு, பனைமரம், பேச்சும் தமிழ். அங்கே பாறைக்குள் ஆழமாக இறக்கிய ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் தேசத்துக் கணக்கு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயசில் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். எந்தப் பற்பொடியாலும் அது போகாது. அளவு மிகுந்து, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் விறைத்துப் போகும். "தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோமே டாக்டர்?" என்று கேட்பார்கள். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளூரைடு ஆவியாகாது. செறிவு கூடத்தான் செய்யும். வந்தபின் திருப்ப முடியாத வியாதி இது. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருவது, மழைத் தண்ணீரைச் சேமிப்பது, இல்லையென்றால் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கிற நல்கொண்டா முறை, இவைதான் வழி. நோய் வருமுன் தடுப்பது, வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, முற்றியபின் ஊனத்தைக் குறைப்பது என்று தடுப்பில் பல படிகள் உண்டு. இந்த வியாதியில் முதல் படியை விட்டால் பின்னால் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை.

அட்டப்பாடி இன்னும் ஆழமான பாடம். 2013இல் அங்கே இருளர், முடுகர், குறும்பர் குடும்பங்களில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது பத்திரிகைகளெல்லாம் எழுதின. குழந்தை எடை குறைந்து பிறந்தது. ஏனென்றால் தாய்க்கு ரத்தசோகை. தாய்க்கு ஏன் ரத்தசோகை? இரும்பு மாத்திரை கொடுக்கவில்லையா என்றுதான் மாணவன் கேட்பான். ராகியும் சாமையும் துவரையும் விளைந்த நிலம் கைவிட்டுப் போயிற்று, தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது என்பது அதற்கு அடுத்த படி. 1951இல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. அதன்பின் சமூகச் சமையல்கூடங்கள் திறந்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் காரணத்தின் காரணம் நிலத்தில் இருக்கிறது. நம் மருத்துவத்தில் 'ஸோஷியல்' என்ற சொல் ஏன் வந்தது என்று கேட்கிற மாணவனை ஆனைகட்டி வழியாக ஒருமுறை பஸ்ஸில் அனுப்பினால் போதும்.

இனி நாம் எல்லோரும் அனுபவித்த விஷயம். தேசத்தின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் கண்டறியப்பட்டார். மார்ச்சில் ஊரடங்கு. மே மாதம் வெளி மாநிலங்களிலிருந்து வருகிறவர்களுக்காகத் திறந்த சாலை வழிகளில் நமக்குப் பழக்கமானவை இரண்டு: வாளையார், குமுளி. அப்போது இடுக்கியும் சிரமத்தில்தான் இருந்தது. ஏப்ரலில் பச்சை மண்டலமாக இருந்த ஜில்லா, அந்த மாதமே சிவப்பாயிற்று. கம்பம், போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் அந்தியில் திரும்புகிறவர்களுக்கு எல்லை என்பது வரைபடத்தில் மட்டும் இருந்த கோடு. அது ஒரே நாளில் சுவராயிற்று. காட்டுப் பாதைகளிலும் காவல் போட்டார்கள். தோட்ட முதலாளிக்குக் காய் நஷ்டம். கூலியாளுக்கு அன்றைய அரிசி. எல்லையை மூடுகிற எந்தக் கட்டளைக்கும் இந்தச் செலவு உண்டு. அதை எண்ணாமல் போடுகிற கட்டளையை நான் நல்ல சமூக மருத்துவம் என்று சொல்லமாட்டேன்.

வாளையாரில் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பின்னால் தொற்று உறுதியானது. அங்கே போயிருந்த மூன்று எம்.பி.க்களும் இரண்டு எம்.எல்.ஏ.க்களும்கூடப் பதினான்கு நாள் தனித்திருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அரசியலை விடுங்கள், பாடத்துக்கு நல்ல உதாரணம். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. நோயாளியைப் பிரித்து வைப்பது வேறு. நோய் தொற்றியிருக்கலாம் என்கிற ஆரோக்கியமானவரைச் சில நாள் தனியே வைப்பது வேறு. இரண்டாவதுதான் குவாரன்டைன். 1377இல் ரகூசா துறைமுகத்தில் முப்பது நாள் என்று தொடங்கி, பின்பு நாற்பது ஆயிற்று. அந்த நாற்பதுதான் இந்தச் சொல். கோவிட்டுக்கு ஏன் பதினான்கு? கிருமி உள்ளே புகுந்து அறிகுறி தெரிய அன்று சராசரியாக ஐந்து நாள், அதிகபட்சம் ஏறக்குறைய பதினான்கு என்பதால். நாளை நிச்சயிப்பது கிருமிதான்.

அந்தச் சமயத்தில் நம்மவர்கள் பலர் ஒரு செய்தியை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்: "மடி, தீட்டு என்று நம் முன்னோர் அன்றே சொன்னதைத்தான் இன்று உலகம் சமூக இடைவெளி என்கிறது." கை கால் அலம்பி உள்ளே வருவது நல்ல வழக்கம், ஸந்தேகமில்லை. ஆனால் மற்றதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். குவாரன்டைன் ஒருவர் எங்கே போனார், யாருடன் இருந்தார் என்று கேட்கும். யாருக்குப் பிறந்தார் என்று கேட்காது. பதினைந்தாம் நாள் அது முடிந்துபோகும். எம்.பி.க்கும் லாரி டிரைவருக்கும் ஒரே கணக்கு. பிறப்பை வைத்து ஒருவரைத் தூர நிறுத்துவதற்கு முடிவு நாள் கிடையாது, கிருமியும் கிடையாது. ஊரடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய வீட்டு உதவியாளரைச் சில வீடுகளில் மாதக்கணக்கில் திண்ணையோடு நிறுத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளையை நாலாம் நாளே கூடத்தில் உட்காரவைத்து எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். இந்த இரண்டில் எது கிருமிக்கு வழி திறந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது நம் அக்ரஹாரங்களைப் பாருங்கள். கல்பாத்தியிலும் மற்ற கிராமங்களிலும் எத்தனையோ வீட்டில் எழுபது, எண்பது வயசுத் தம்பதிகள் மட்டும். பிள்ளைகள் சென்னை, மும்பை, அதற்கும் அப்பால். நவம்பரில் தேருக்கு எல்லோரும் வருகிறீர்கள், வரத்தான் வேண்டும். ஒரே கூடத்தில் நாலு ஊர்க் காற்று கலக்கிறது. சாதாரண இன்ஃப்ளூயன்ஸாவே எண்பது வயசு நுரையீரலுக்குப் பெரிய விஷயம். அதற்கு வருஷாவருஷம் போடுகிற ஊசி இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு அவர்களுடைய டாக்டரைக் கேட்டு, தேருக்குச் சில வாரம் முன்பே போட்டுவிடுங்கள். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் வேண்டும். வருகிறபோது ரத்த அழுத்தக் கருவி ஒன்றும் வாங்கி வாருங்கள், புடவை வேஷ்டியோடு. காய்ச்சலும் இருமலும் இருந்தால் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஃபோனில் பேசுங்கள். தேர் அடுத்த வருஷமும் ஓடும்.